பெத்சாய்தா: படகுக்கு வைக்கக்கூடாத பெயரா?

தங்கச்சிமடத்தவள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். விவிலியத்தில் வரும் ஓர் ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் மாமா புதிதாக ஒரு ஃபைபர் வல்லம் இறக்கப் போகிறார். எங்கள் கரையில் நிற்கிற படகுகளில் பாதிக்கு மேல் அந்தோணியார், சந்தியாகப்பர், ஆரோக்கிய மாதா என்றுதான் பெயர் இருக்கும், அதனால் வேறு யாரும் வைக்காத பெயராக இருக்கட்டும் என்று 'பெத்சாய்தா' என்று எழுதச் சொல்லிவிட்டார். பேதுருவும் அந்திரேயாவும் அந்த ஊர்க்காரர்கள், அவர்களும் வலை இழுத்துப் பிழைத்தவர்கள், நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது என்பது அவர் நியாயம்.

தாத்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. மத்தேயு 11-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டி, ஆண்டவரே 'ஐயோ, உனக்குக் கேடு' என்று சொன்ன ஊர் இது, அந்தப் பெயரை முகப்பில் எழுதிக்கொண்டு பிள்ளைகள் கடலுக்குப் போகக்கூடாது என்கிறார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. கடலில் போகிறவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் இப்படித்தான் பயப்படுவார்கள். பெயர் எழுதுகிறவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்? ஊர் இன்றைக்கும் இருக்கிறதா, இல்லை அழிந்துவிட்டதா? வீடியோக்களில் தேடினால் ஒருவர் ஒரு மேட்டைக் காட்டி இதுதான் பெத்சாய்தா என்கிறார், இன்னொருவர் ஏரிக்கரையில் வேறு ஓர் இடத்தைக் காட்டுகிறார். யோவானில் முடக்குவாதக்காரர் படுத்துக் கிடந்த குளம் 'பெத்சதா' என்று வருகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? என் சித்தி சிஎஸ்ஐ சபைக்குப் போகிறவர், அவர் பைபிளில் 'பெத்சாயிதா' என்று போட்டிருக்கிறது. எது சரி?

---

பாம்பன் உபதேசியார்:

மகளே, அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'பெத்' என்றால் வீடு. 'சாய்தா' என்பது வேட்டை, மீன்பிடிப்பு என்ற பொருளுள்ள அரமேயச் சொல். அந்தக் காலத்தில் கலிலேயாவில் (இன்றைய இஸ்ரேலின் வடபகுதி) சனங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசிய மொழி அரமேயம்தான். ஆக, மீன்பிடிப்பு வீடு, மீன்பிடிக்கிறவர்கள் இருக்கும் இடம் என்று பொருள். இங்கே வீடு என்பதை நாலு சுவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்பாலைக்குடி, சோளியக்குடி என்று நம்ம கரையில் 'குடி' என்று முடிகிறதே, அது மாதிரி ஒரு குடியிருப்பு. பெத்லகேம் அப்பத்தின் வீடு, பெத்தேல் கடவுளின் வீடு, பெத்பகே காய் அத்தி வீடு, எல்லாம் ஒரே வரிசை. உங்கள் மாமா தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, மீன்பிடி வல்லத்துக்கு மீன்பிடி ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்.

இனி தாத்தா சொல்வதைப் பார்ப்போம். அந்த வசனத்தை அவர் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அதோடு சேர்த்து மற்ற இடங்களையும் வாசிக்க வேண்டும். மாற்கு 8-இல் பெத்சாய்தாவுக்கு வந்ததும் பார்வையற்ற ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். முதல் தடவை கைவைத்ததும், மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்களைப் போல நடக்கிறார்கள் என்கிறார் அவர். ஆண்டவர் மறுபடியும் கைவைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நற்செய்திகளில் இப்படி இரண்டு தடவையாக நடந்த குணமாக்கல் இது ஒன்றுதான். லூக்கா 9-இல் ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் கொடுத்தது பெத்சாய்தா பக்கத்தில்தான். பிலிப்பும் அந்த ஊர்க்காரர் (யோவான் 1:44).

இவ்வளவையும் பார்த்த பிறகும் மனம் திரும்பவில்லையே என்பதால்தான் அந்த ஐயோ. கொராசின், பெத்சாய்தா, கப்பர்நாகும் என்று மூன்று ஊருக்கும் சேர்த்துச் சொன்னது, அதில் கப்பர்நாகும் அவர் தாமே தங்கியிருந்த ஊர். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ஒப்பாரியில் வருகிற ஐயோ மாதிரியான கூப்பாடு, மந்திரம் போட்டு ஊர்ப் பெயரைக் கட்டிப்போடும் சாபம் இல்லை. எருசலேமைப் பார்த்தும் அழுதார். அதற்காக எருசலேம் என்ற பெயரை நாம் ஒதுக்கிவிட்டோமா?

எழுத்து விஷயம் எளிது. பெத்சாய்தா நம் கோவிலில் வாசிக்கிற திருவிவிலிய மொழிபெயர்ப்பு, பெத்சாயிதா உங்கள் சித்தி வைத்திருக்கிற பழைய மொழிபெயர்ப்பு. ஊர் ஒன்றேதான், இரண்டும் சரி.

---

கீழக்கரைக்காரர்:

உபதேசியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் மதரஸாவில் அரபி படித்தவன், இந்தப் பெயரைக் காதால் கேட்டதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அரபியில் வீடு என்றால் 'பைத்'. பைத்துல் மால், பைத்துல் முகத்தஸ் என்று நாம் தினமும் சொல்கிற பைத் அதுதான். வேட்டைக்கு 'ஸைத்', அதைச் செய்கிறவர் 'ஸய்யாத்'. காட்டில் மான் பிடிக்கிறவரும் ஸய்யாத், கடலில் மீன் பிடிக்கிறவரும் ஸய்யாத். அரமேயம், எபிரேயம், அரபி மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் வேர் மாறவில்லை.

குர்ஆனில் ஸூரத்துல் மாயிதா 96-ஆவது வசனத்தில் 'ஸைதுல் பஹ்ர்' என்று வருகிறது. கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கே பொருள். இஹ்ராமில், அதாவது ஹஜ் அல்லது உம்ராவுக்கான நிய்யத்தோடு, இருக்கும்போது தரையில் வேட்டையாடக் கூடாது, கடலில் பிடிப்பதற்குத் தடை இல்லை. பெத்சாய்தாவில் இருக்கிற அந்த 'சாய்தா'வும் இந்த 'ஸைத்'தும் ஒரே வேர். எங்கள் தெருவில் ஜும்ஆ முடிந்து கடலுக்குப் போகிறவர்களுக்கும் உங்கள் தெருவில் பூசை கண்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் தொழில் பெயர் அங்கே ஒன்றாகவே இருந்திருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

லெபனானில் சீதோன் என்று உங்கள் வேதத்தில் வருகிற பட்டினத்துக்கு இன்றைய அரபிப் பெயர் ஸைதா. அந்தப் பெயரையும் இதே வேட்டை, மீன்பிடி வேரோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. தாத்தா காட்டிய வசனத்தைத் திரும்பப் பாருங்கள், பெத்சாய்தாவை ஒப்பிட்டுப் பேசும்போது தீரையும் சீதோனையும்தான் எடுத்துப் பேசுகிறார்கள். இரண்டும் கடல் தொழில் பட்டினங்கள். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயாக்காரர்கள் காதில் அந்த இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன், இது என் எண்ணம்தான்.

பெத்லகேமை அரபியில் பைத் லஹ்ம் என்பார்கள். எபிரேயத்தில் லெஹெம் அப்பம், எங்களுக்கு லஹ்ம் இறைச்சி. ஒரே வேர், சாப்பாடுதான் மாறிவிட்டது.

---

முகவை வரலாற்று வாத்தியார்:

ஊர் எங்கே என்ற கேள்விக்கு நான் வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிலேயக் கடல் என்பது உண்மையில் நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது. வடக்கே யோர்தான் ஆறு வந்து விழுகிறது. அது விழுகிற இடத்துக்குக் கிழக்கே ஒரு வண்டல் சமவெளி, பெத்சாய்தா அந்த வட்டாரத்தில்தான் என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் எந்த மேடு என்பதில்தான்.

1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எத்-தெல் என்ற மேட்டைக் காட்டி இதுதான் என்றார். அது ஏரிக்கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1880-களில் அங்கே அளவெடுத்த கோட்லீப் ஷூமாக்கர், மீனவர் ஊர் எப்படிக் கரையை விட்டு அவ்வளவு தள்ளி இருக்கும் என்று கேட்டு, கரையோரத்தில் இருக்கிற எல்-அரஜ் பக்கம் கைகாட்டினார். வீடியோக்களில் நீங்கள் பார்த்த இரண்டு இடமும் இவைதான்.

எத்-தெல்லில் 1987 முதல் ராமி அராவ் தலைமையில் தோண்டினார்கள். அடியில் பெரிய கோட்டை நகரம் ஒன்று கிடைத்தது. கனமான மதில், அறைகள் வைத்த பெரிய வாசல், வாசலில் காளைத் தலையோடு ஓர் உருவம் செதுக்கிய நடுகல். இது இயேசு காலத்துக்கு வெகு முந்தியது, கெசூர் அரசின் தலைநகரம் என்று கருதுகிறார்கள். தாவீதின் மகன் அப்சலோம் அண்ணனைக் கொன்றுவிட்டு மூன்று வருடம் ஒளிந்திருந்தது கெசூரில்தான், ஏனென்றால் அது அவன் தாய்வழித் தாத்தா ஊர். கி.மு. 732-இல் அசீரிய மன்னன் மூன்றாம் திக்லாத்-பிலேசர் அந்த நகரத்தை அழித்தான். அதற்கு மேலே உரோமர் காலத்து அடுக்கில் சில வீடுகள். அதில் ஒரு வீட்டில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு, ஊசி, கல் நங்கூரம் எல்லாம் கிடைத்ததால் மீனவர் வீடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்-அரஜ் கதை புதியது. 2016-இல் மொர்தெகாய் அவியாம், ஸ்டீவன் நாட்லி இருவரும் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். பைசாந்திய (கிழக்கு உரோமப் பேரரசு) காலத்து அடுக்குக்குக் கீழே போனால் உரோமர் காலத்து மட்பாண்டம், காசு, குளியல்கூடம் ஒன்றின் தடயம் என்று 2017-இல் அறிவித்தார்கள். அதுவரை அந்த இடம் அந்தக் காலத்தில் தண்ணீருக்குள் இருந்திருக்கும் என்று பலர் சொல்லிவந்தார்கள். 2019-இல் மொசைக் தரையோடு ஒரு பெரிய கோவில் வெளியே வந்தது. 2022-இல் அந்தத் தரையில் கிரேக்க எழுத்து கிடைத்தது. அதில் 'விண்ணகத் திருத்தூதர்களின் தலைவரும் தளபதியுமானவர்' பரிந்து பேச வேண்டும் என்று மன்றாட்டு எழுதியிருக்கிறது. பைசாந்தியக் கிறிஸ்தவர்கள் அப்படிச் சொன்னால் அது பேதுருவைத்தான்.

இதோடு ஒட்டி ஒரு பழைய சாட்சி உண்டு. கி.பி. 725 வாக்கில் பிற்பாடு ஆயரான வில்லிபால்ட் என்பவர் அந்தப் பக்கம் திருப்பயணம் போனார். பெத்சாய்தாவில் பேதுரு, அந்திரேயா வீடு இருந்த இடத்தில் இப்போது கோவில் நிற்கிறது என்று அவர் பயணக் குறிப்பில் இருக்கிறது. எத்-தெல்லில் அப்படி ஒரு கோவில் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் பேதுருவின் ஊர் எல்-அரஜ் பக்கம்தான். எத்-தெல்லில் தோண்டிய ஆட்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஊர்ப் பெயர் மாறிய கதை. பெரிய ஏரோதுவின் மகன் பிலிப்பு (திருத்தூதர் பிலிப்பு இல்லை) இந்தக் கிராமத்தை நகரமாக உயர்த்தி, யூலியாஸ் என்று பெயர் மாற்றினான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். பேரரசர் அகுஸ்துவின் மகள் யூலியா பெயரில் என்கிறார். ஆனால் அந்த மகளைக் கி.மு. 2-லேயே தகப்பன் நாடு கடத்திவிட்டார், அவள் பெயரை யார் துணிந்து வைப்பார்கள்? அதனால் அகுஸ்துவின் மனைவியும் அடுத்த பேரரசர் திபேரியுவின் தாயுமான லிவியாவுக்கு யூலியா என்ற பட்டப்பெயர் உண்டு, அவள் நினைவாக கி.பி. 30 வாக்கில் மாற்றியிருப்பான் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. பிலிப்பு கி.பி. 34 வாக்கில் இறந்ததும் அந்த யூலியாஸில்தான்.

ஆனால் நற்செய்தி எழுதியவர்கள் ஒரு இடத்தில்கூட யூலியாஸ் என்று எழுதவில்லை. நான்கு பேருமே பெத்சாய்தா என்றுதான் எழுதுகிறார்கள். அரசாங்க ஏட்டில் ராமநாதபுரம் என்று இருந்தாலும் நம் ஊர்க்காரர் பழைய முகவையை விட்டாரா? எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பேரரசியின் பெயர் ஜோசிபஸ் ஏட்டிலும் காசிலும் தங்கிவிட்டது, வலைக்காரர் வைத்த பெயர் உலகம் முழுக்க வாயில் புழங்குகிறது.

---

மண்டபம் வலைக்காரர்:

வாத்தியார் சார், படித்துக்கொண்டே வந்தேன், அந்த 2 கிலோமீட்டர் விஷயத்தில் ஒரு சந்தேகம். நான் சின்ன வயசிலிருந்து தொழிலில் இருக்கிறவன். ஈர வலையைத் தலையில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து போய் மேட்டு மேல் வீடு வைக்க எந்த மீனவனும் சம்மதிக்க மாட்டான். காற்று மாறினால் ராத்திரி எழுந்து வந்து படகை இழுத்துப் போட வேண்டும், கயிறு பார்க்க வேண்டும். கரையில் குடிசை போட்டாவது இருப்பான். அதே சமயம் ஈயக்குண்டு கிடைத்தது என்கிறீர்கள். அதைப் பார்த்தால் அங்கேயும் தொழில்காரன் இருந்திருக்கிறான். இரண்டும் எப்படி ஒத்துவரும்?

இன்னொன்று, அவர்கள் எந்த வலை போட்டார்கள்? நம்ம ஊர் மாதிரி கரைவலை உண்டா? படகு எவ்வளவு பெரியது?

---

முகவை வரலாற்று வாத்தியார்:

அண்ணே, நீங்கள் கேட்டதைத்தான் ஷூமாக்கரும் கேட்டார். எத்-தெல் ஆட்கள் சொல்லும் பதில், அந்தக் காலத்தில் ஏரித் தண்ணீர் மேடு வரைக்கும் வந்தது, யோர்தான் கொண்டுவந்த வண்டலும் வெள்ளமும் நிலச்சரிவும் சேர்ந்து கரையைத் தெற்கே தள்ளிவிட்டது என்பது. ஆறு அப்படிச் செய்யும் என்பதை நாம் நம்பாமல் இருக்க முடியாது. வைகை கடலில் சேருகிற ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளத்தைப் பாருங்கள். உரோமக் காசும் வெளிநாட்டுப் பானையும் வந்து இறங்கிய துறைமுகம், கப்பல் படம் கீறிய பானை ஓடு கிடைத்த இடம், இன்று அங்கே நின்றால் துறைமுகம் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் எல்-அரஜில் உரோமர் காலத்து அடுக்கு ஏரிக்கரையிலேயே, இன்றைய தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிக் கிடைத்துவிட்டதால், தண்ணீர் மேடு வரைக்கும் ஏறியிருந்தது என்ற வாதம் பலவீனமாகிவிட்டது. மேட்டில் சில குடும்பம், கரையில் ஊர் என்று இரண்டுமே இருந்திருக்கலாம்.

ஜோசிபஸ் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதுகிறார். உரோமருக்கு எதிரான போர் சமயத்தில் யூலியாஸ் பக்கத்தில் சண்டை, அவர் குதிரை சதுப்பில் கால் இடறி விழுந்து அவருக்கு மணிக்கட்டில் அடி, கப்பர்நாகுமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதே சுற்றி சேற்று நிலம் என்பது இதில் தெரிகிறது.

வலை உண்டு. மத்தேயு 13-இல் விண்ணரசுக்கு ஒப்பாகச் சொல்லும் வலை, நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து நல்ல மீனைக் கூடையில் சேர்த்து ஆகாததை எறிவார்கள் என்று வருகிறது. அது நம்ம கரைவலையேதான், வேறு விளக்கம் வேண்டாம். மத்தேயு 4-இல் பேதுருவும் அந்திரேயாவும் போட்டுக்கொண்டிருந்தது வீச்சுவலை, கிரேக்கத்தில் அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது.

படகுக்கு நேரடிச் சாட்சியே கிடைத்திருக்கிறது. 1986-இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது, மேற்குக் கரையில் கினோசர் என்ற ஊரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இரண்டு மீனவர்கள் சேற்றில் பழைய படகு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முதல் நூற்றாண்டுப் படகு. நீளம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அகலம் 2.3 மீட்டர். அடியில் பலகைகளை வரிசையாகக் கோத்து, பலகைக்குப் பலகை துளைபோட்டு நாக்கு வைத்து ஆணி அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். பலகை பெரும்பாலும் கேதுரு, உள் சட்டம் ஓக், ஆனால் ஒட்டுப் போட்ட இடங்களில் கைக்குக் கிடைத்த மரமெல்லாம் இருக்கிறது, மொத்தம் பத்து வகைக்கு மேல். வசதி இல்லாத ஆள் வருஷக் கணக்காகப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டிய படகு அது.

---

மண்டபம் வலைக்காரர்:

8 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றால் ஏறக்குறைய 27 அடி. அப்படியானால் நம்ம வல்லம்தான் சார். அகலம் 2.3 என்றால் நாலைந்து பேர் நின்று வலை வாங்க வசதியாக இருக்கும். கைக்குக் கிடைத்த மரத்தைப் போட்டு ஒட்டியிருக்கிறான் என்பதைப் படித்ததும் எனக்கு என் அப்பா ஓட்டிய மரவல்லம் நினைவுக்கு வந்துவிட்டது, அதிலும் அடிப்பலகை ஒரு மரம், பக்கம் ஒரு மரம்.

---

தங்கச்சிமடத்தவள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். கீழக்கரை பாய் சொன்ன ஸைதுல் பஹ்ர் விஷயத்தைத் தாத்தா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஆனால் அவர் இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. "சந்தியாகப்பர் நம்ம ஊர்க் காவலர், அவர் பெயரை விட்டுவிட்டு வேறு பெயருக்குப் போவானேன்" என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறார். குளத்துக்கும் ஊருக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

---

பாம்பன் உபதேசியார்:

குளத்தை முதலில் முடித்துவிடலாம். அது எருசலேமில் ஆட்டு வாயில் பக்கத்தில் இருந்தது, ஐந்து மண்டபம் வைத்தது. நாம் பேசுகிற பெத்சாய்தா கலிலேயாவில். இடம் வேறு. ஆனால் யோவான் 5:2-இல் குளத்தின் பெயரைப் பழைய கையெழுத்துச் சுவடிகள் ஒரே மாதிரி எழுதவில்லை. சிலவற்றில் பெதஸ்தா, சிலவற்றில் பெத்சதா, வத்திக்கான் சுவடி போன்ற சில பழையவற்றில் பெத்சாய்தா என்றே இருக்கிறது. எழுதுகிறவர்கள் மனசில் ஊர்ப் பெயர் முந்திக்கொண்டு வந்திருக்கும். குழப்பம் உனக்கு மட்டும் இல்லை, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

சந்தியாகப்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் செபதேயுவின் மகன் யாக்கோபு. அதே ஏரியில், அப்பா செபதேயுவோடு படகில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆண்டவர் கூப்பிட்டார். அவர்கள் பேதுருவுக்குத் தொழிலில் கூட்டாளிகள் என்று லூக்கா 5:10 சொல்கிறது. எந்த ஊர் என்று நற்செய்தியில் இல்லை. ஆனால் ஆறாம் நூற்றாண்டில் தியோதோசியுஸ் என்பவர் எழுதிவைத்த திருத்தலக் குறிப்பில், பேதுரு, அந்திரேயா, பிலிப்பு, செபதேயுவின் மக்கள் எல்லோரும் பிறந்தது பெத்சாய்தாவில் என்று போட்டிருக்கிறது. இது விவிலியம் இல்லை, பழைய திருப்பயண மரபு, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் பெத்சாய்தா என்று எழுதுகிறவன் சந்தியாகப்பரை விட்டுவிட்டுப் போகவில்லை, அவர் சொந்த ஊரையே எழுதுகிறான். இதைத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். வல்லம் இறக்கும்போது சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கத்தானே போகிறீர்கள், மனசில் இன்னும் பயம் இருந்தால் தாத்தாவே முந்தின நாள் ஃபாதரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். பெரியவரை மீறிப் பெயர் வைக்க வேண்டாம், அவர் சம்மதத்தோடு வையுங்கள்.

---

காரங்காட்டிலிருந்து:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பங்கிலிருந்து சிலர் புனித பூமிப் பயணம் போக ஏற்பாடு நடக்கிறது. கப்பர்நாகும், திபேரியா என்று பட்டியலில் இருக்கிறது, பெத்சாய்தா இல்லை. கேட்டால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்கள். உண்மையா?

---

முகவை வரலாற்று வாத்தியார்:

கட்டடமாக நிற்கிற கோவிலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அதனால்தான் பெரும்பாலான குழுக்கள் கப்பர்நாகுமோடு திரும்பிவிடுகின்றன. ஆனால் எத்-தெல் ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது, ஏறிப் போய் அந்தப் பழைய வாசல், தெரு, மீனவர் வீட்டு அடித்தளம் எல்லாம் பார்க்கலாம், மேலே நின்றால் தெற்கே ஏரி தெரியும். எல்-அரஜ் தாழ்வான கரையில், நாணலும் மரமும் அடர்ந்த பகுதியில் இருக்கிறது, தண்ணீர் ஏறுகிற பருவத்தில் தோண்டிய குழிகளே நனைந்துவிடும், அதனால் போகிற மாதத்தைப் பொறுத்துத்தான் பார்க்க முடியும்.

ஏற்பாட்டாளரிடம் வெறுமனே பெத்சாய்தா என்று சொல்லாதீர்கள், எத்-தெல், எல்-அரஜ் என்று இரண்டு பெயரையும் எழுதிக் கொடுங்கள். கப்பர்நாகும் முடித்த அன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம், ஏரிக்கு வடக்கே யோர்தான் பாலம் தாண்டினால் வந்துவிடும். எல்லைப்பக்கம் நிலவரம் அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், வயதானவர்களுக்கு எத்-தெல் மேடு ஏறுவது சிரமம், அவர்களை எல்-அரஜ் கரைப்பக்கம் மட்டும் கூட்டிப்போனால் போதும்.

---

தங்கச்சிமடத்தவள்:

உபதேசியார் ஐயா, சந்தியாகப்பர் விஷயத்தைச் சொன்னதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்படின்னா பெத்சாய்தா பெருசா எழுதட்டும், கீழே சந்தியாகப்பர் துணைன்னும் எழுதணும்" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கும் சம்மதம். எழுத்து 'பெத்சாய்தா' என்றே இருக்கட்டும் என்று முடிவு, எங்கள் கோவிலில் வாசிக்கிறது அப்படித்தான். காரங்காட்டு அக்கா, நீங்கள் போகும்போது அந்தக் கரையில் இப்போதும் யாராவது வலை போடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், மாமா கேட்கச் சொன்னார்.